அவாவும் ஆள்வினையும்

(தமிழ்க்கழக ஆண்டுவிழா ஒன்றில் ஆற்றிய உரை)



இவ்வவையின் முன்வரிசைகளில் அமர்ந்திருப்போருட் பெரும்பாலோர் பள்ளியிறுதித் தேர்வை எழுதிவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று எண்ணிக்கொண்டிருக்கும் இளையோர். அவர்கட்கு எங்குச் சென்றாலும் ஓர் அறிவுரை காத்திருக்கின்றது. பெரிதாக அவாவு; கடுமையாக உழை; வெற்றி தானே வரும் என்பது அது. அறிவுரை நல்லதே. ஆயின், மூன்றையும் ஒரே கயிற்றிற் கோத்த மணிகள்போற் காட்டிவிடுவதால், ஒன்றன்பின் ஒன்று தப்பாமல் வந்தே தீருமென்று இளையோர் நம்பிவிடுகின்றனர். வாராவிடத்து, உழைப்பின்மேல் வைத்த நம்பிக்கையையே இழந்துவிடுகின்றனர். ஆதலின், இம்மூன்றற்கும் இடையேயுள்ள உறவு யாதென்பதை ஓர்ந்து பார்த்தல் நன்று.

திருவள்ளுவர் முப்பத்தேழாம் அதிகாரத்தில் அவாவை அறுக்கச் சொன்னார். அவரே அறுபதாம் அதிகாரத்தில் ஊக்கமுடைமையும், அதனையடுத்து மடியின்மையும், அறுபத்திரண்டாம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையும் வைத்தார். முன்னது துறவியர்க்கு, பின்னது அரசர்க்கு என்று கூறி ஒதுங்கிவிடுவார் உளர். அஃது எளிய விடை. அறுக்கத்தக்கது தன்பொருட்டு எழும் அவா. வளர்க்கத்தக்கது வினையின்பொருட்டு எழும் ஊக்கம் என்று கொள்வதே இரண்டற்கும் பொருந்தும். இன்னொன்றும் நோக்கத்தக்கது. ஆள்வினையுடைமைக்கு அடுத்த அதிகாரமாக வெற்றியைப் பற்றி ஒன்றை அவர் வைத்தாரல்லர், இடுக்கணழியாமையை வைத்தார். உழைப்பவனுக்கு அடுத்து வரக்கூடியது யாதென்பது அவர்க்கு நன்கு தெரிந்திருந்தது.

இதனை விளக்குதற்கு இன்று எடுத்துக்கொள்ளப்பெறுவது அரசர் வாழ்வுமன்று, வணிகர் வாழ்வுமன்று. ஒரு பள்ளியாசிரியரின் வாழ்வு. ஆக்சுபோர்டு ஆங்கில அகரமுதலியின் பதிப்பாசிரியராய் விளங்கிய சேம்சு மரே என்பவரே அவர். தமிழ்க்கழக மேடையில் ஆங்கில அகரமுதலியைப் பற்றிய பேச்சா என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம். ஆங்கிலத்தின் ஆட்சியை எதிர்ப்பது வேறு. தம் தாய்மொழியை அம்மக்கள் போற்றிய முறையைக் கற்றுக்கொள்வது வேறு. தம் மொழிச்சொற்களை ஒன்று விடாமல் தொகுத்துக் காக்க முனைந்தவர் எந்நாட்டவராயினும் தமிழ்த்தொண்டர்க்கு உறவினரே. மேலும், மரே ஆங்கிலேயருமல்லர், இசுக்காட்டுலாந்தியர். தாம் பிறந்த மண்ணின் வட்டார மொழியை ஆராய்ந்து 1873இல் அவர் வெளியிட்ட நூலே அறிஞரிடையே அவரை முதன்முதல் அறிமுகப்படுத்தியது.

அவர் 1837ஆம் ஆண்டு பிப்பிரவரி 7ஆம் நாள் ஆங்கில எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரில் ஒரு தையற்காரரின் மூத்த மகனாய்ப் பிறந்தார். பதினான்காம் அகவையில் பள்ளிப்படிப்பு முடிந்துவிட்டது. மேலே படிக்கப் பொருளில்லை. ஆனால் படிப்பு முடியவில்லை. கல்லும் செடியும் மீனும் பழங்காசும் பிறநாட்டு எழுத்தும், அகப்பட்டவையெல்லாம் அவர்க்குப் பாடநூல்களாயின. மேய்ச்சலிலிருந்த ஆக்களை இலத்தீனச் சொற்களாற் கூப்பிட்டுப் பழக்க முயன்றார் என்றொரு கதையுமுண்டு. ஆக்கள் எவ்வளவு கற்றனவோ! பதினேழாம் அகவையில் துணையாசிரியர், இருபதில் தலைமையாசிரியர். அத்தகைய வளர்ச்சியைக் கண்ட ஊரார், இவ்விளைஞன் எங்கோ போகப்போகின்றான் என்று எண்ணியிருப்பர்.

போனது இலண்டனுக்கு, அதுவும் அவாவினாற் போனதன்று. மணந்த மனைவிக்கு என்புருக்கி நோய். பெற்ற குழந்தை இறந்துபோயிற்று. மனைவியின் உடல்நலத்திற்கு வெப்பநாடு ஏற்றதென்றனர் மருத்துவர். அவ்வளவு தொலைவு செல்லக் கைப்பொருள் இடந்தராமையால், இசுக்காட்டுலாந்தினும் குளிர் குறைந்த இலண்டனில், கீழைநாடுகளோடு கொடுக்கல் வாங்கல் நடத்திய ஒரு வங்கியிற் கணக்கெழுத அமர்ந்தார். 1864இல் வந்தனர், அடுத்த ஆண்டே மனைவி மறைந்தார். மொழியறிஞனாக விரும்பிய இளைஞன் முப்பதை நெருங்குங்கால் கணக்கேடுகளின்மேற் குனிந்துகொண்டிருந்தான்.

அந்நிலையில் அவர் 1866இல் பிரித்தானிய அருங்காட்சியக நூலகத்தில் ஒரு வேலைக்கு எழுதிப்போட்டார். அம்மடல் இன்று உலகறிந்த ஒன்று. தாம் நன்கறிந்த மொழிகள், ஓரளவு அறிந்த மொழிகள், எழுத்துக்கூட்டி அறியத்தக்க மொழிகள் என்று இலத்தீன், இத்தாலியம், பிரஞ்சு, இசுப்பானியம், செருமானியம், பழைய ஆங்கிலம், காதியம், உருசியம், பாரசீகம், வடமொழி, எபிரேயம், சிரியம் முதலியவற்றை அடுக்கியிருந்தார். இருபதுக்கு மேற்பட்ட மொழிகள்! பதினான்கு அகவையோடு பள்ளியை விட்டவர்க்கு இவ்வளவு அறிவு எங்கிருந்து வந்ததென்று யாரும் கேட்டிலர். வேலை கிடைக்கவில்லை.

இதுதான் அவர் தம் வாழ்வில் தாமே விரும்பி, தாமே தேடி, தகுதியோடு கேட்ட இடம். அவா இருந்தது, உழைப்பு இருந்தது, தகுதி அளவிறந்து இருந்தது. வெற்றி வரவில்லை. அவரைப் புகழ்வோர் பலர் இம்மடலைக் கூறிவிட்டு, அதன் முடிவைக் கூறாது விடுவர். மூன்றையும் ஒரே கயிற்றிற் கோப்பார்க்கு அம்முடிவு இடையூறாயிருத்தலின் போலும்!

மரே 1870இல் மீண்டும் ஆசிரியத் தொழிலுக்கே திரும்பினார். இலண்டன் புறநகர்ப் பள்ளியொன்றில் அமர்ந்தார். அங்கிருந்தபோதே அகரமுதலிப் பணி அவரைத் தேடி வந்தது.

அப்பணியின் முன்வரலாற்றைச் சிறிது விரித்துக் கூறவேண்டும். ஏனெனில் அதிலேயே அவாவின் தன்மை நன்கு விளங்குகின்றது. 1857இல் இலண்டன் மொழிநூற் கழகத்தில் திரெஞ்சு என்னும் சமயத் தலைவர் அன்றைய ஆங்கில அகரமுதலிகளின் குறைபாடுகளை எடுத்துக்காட்டி உரையாற்றினார். அகரமுதலி செய்வோன் நல்ல சொல், தீய சொல் என்று தீர்ப்பளிக்கும் நடுவனல்லன். மொழியிலுள்ள எல்லாச் சொற்களின் வரலாற்றையும் எழுதும் வரலாற்றாசிரியன் என்பது அவர் கொள்கை. ஒவ்வொரு சொல்லும் எந்நூலில் முதன்முதல் வந்தது, எவ்வெப்பொருளில் எவ்வெக்காலத்தில் வழங்கியது, எப்போது வழக்கற்றது என்பதை மேற்கோள்கொண்டே மெய்ப்பிக்கவேண்டும். அதற்கு ஆங்கில நூல்கள் அனைத்தையும் படித்தாகவேண்டும். அஃது ஒருவராற் கூடுவதன்று. ஊர்கூடி இழுக்கவேண்டிய தேர்.

முதற் பதிப்பாசிரியர் எர்பர்ட்டு கோலரிட்சு. பாவலர் கோலரிட்சின் பேரர். சீட்டுகளை அடுக்க ஐம்பத்துநான்கு அறைகள் கொண்ட ஒரு நிலைப்பேழை செய்துவைத்துக்கொண்டு ஊக்கத்தோடு தொடங்கியவர், 1861இல் முப்பதாம் அகவையிலேயே நோயால் மாண்டார். அடுத்து வந்தவர் பர்னிவால். அவாவிற்கு ஓர் உருவம் கொடுத்தால் அஃது அவரைப் போன்றிருக்கும். பழைய ஆங்கில நூல்களைப் பதிப்பிக்க 1864இல் ஒரு கழகம் கண்டார். பின்னர்ச் சாசருக்கு ஒன்று, சேக்குசுபியருக்கு ஒன்று என்று கழகங்களை வளர்த்துக்கொண்டே போனார். ஓயாத உழைப்பாளி, யாரையும் உடன்படுத்தும் நாவன்மையுடையார். எனினும், அவர் உள்ளம் ஒரு கிளையிலிருந்து மறுகிளைக்குத் தாவிக்கொண்டேயிருந்தது. அகரமுதலித் தொண்டர்கள் பையப் பையச் சோர்ந்து ஒதுங்கினர்; சீட்டுகள் நாடெங்கும் சிதறின.

1879இல் அச்சீட்டுகள் மரே வீட்டிற்கு வந்து இறங்கின. ஏறத்தாழ இரண்டு தன் எடை. ஒரு கோணிப்பையில் செத்த எலி. மற்றொன்றில் உயிருள்ள சுண்டெலி தன் குஞ்சுகளோடு குடியிருந்தது. 'ஐ' என்னும் எழுத்திற்குரியவை, ஆளில்லாத ஒரு குருவர் மனையில், அடியிற்று விழுந்த கூடையொன்றிற் கிடந்தன. 'எச்சு' என்னும் எழுத்து முழுவதும் இத்தாலிய நாட்டுப் பிளாரன்சு நகரில் ஓர் அமெரிக்கத் தூதரிடம் அகப்பட்டது. 'பி, ஏ' என்று தொடங்குஞ் சொற்கள் அயர்லாந்தில் ஒரு குதிரைக் கொட்டிலிற் கண்டெடுக்கப்பட்டபோது, அவற்றுட் பெரும்பகுதி அடுப்பு மூட்டப் பயன்பட்டுவிட்டது. இருபதாண்டுத் தொண்டின் பயன் அடுப்பிற்கு விறகாயிற்று!

ஆயினும் பர்னிவாலை இகழ்ந்துவிடுதல் முறையன்று. அவருடைய ஆரவாரம் இல்லாதிருந்தால் அகரமுதலி என்றொரு பணி இருந்ததையே உலகம் மறந்திருக்கும். ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழக அச்சகத்தையும் மரேயையும் இணைக்க முன்னின்றோருள் அவரும் ஒருவர். அவா தீ மூட்டும். அடுப்பருகே நின்று சோற்றைப் பதம் பார்ப்பது வேறொருவர் வேலை.

1879 மார்ச்சு முதல் நாள் ஒப்பந்தம் எழுதப்பட்டது. பத்தாண்டு, நான்கு மடலம், ஏறத்தாழ 7,000 பக்கம். மரேயும் அதனை நம்பிக் கையொப்பமிட்டார். அப்போது அவர்க்கு நாற்பத்திரண்டு அகவை. ஐம்பத்திரண்டில் முடித்துவிட்டு வேறு நூல் எழுதலாமென்று எண்ணியிருக்கக்கூடும். வேலையின் அளவை முன்னரே அறிந்திருந்தால் அவர் ஒப்பியிருப்பாரா என்பது ஐயமே. பெரும்பணி பலவற்றில் முதற்கண் நிகழும் இத்தகைய கணக்குப் பிழையை நற்பேறு என்றே சொல்லலாம்.

வீட்டின் முன்தோட்டத்தில் இரும்புத் தகட்டால் ஒரு கொட்டகை எழுப்பி, உள்ளே 1,029 சிற்றறைகள் அமைத்தார். அதற்கு எழுத்தகம் என்னும் பொருள்பட இலத்தீனப் பெயரொன்று சூட்டினார். உலகெங்குமுள்ள ஆங்கிலம் படிப்போர்க்கு ஒரு வேண்டுகோள் அச்சிட்டு விடுத்தார்: ஆயிரம் பேர் வேண்டும், மூன்றாண்டு படித்து உதவவேண்டும். ஒவ்வொருவரும் தாம் படிக்கும் நூலிற் கருத்தைக் கவரும் சொல்லைக் கண்டால், அரைத்தாளின் மேல்மூலையில் அச்சொல்லையும், கீழே ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம் ஆகியவற்றையும், பின்னர் அச்சொல் வந்த தொடரையும் எழுதி அனுப்புதல் வேண்டும். சீட்டுகள் நாடோறும் வந்து குவிந்தன. அவற்றை எழுத்து வரிசைப்படுத்தும் வேலையில் மரேயின் மக்கள் பதினொருவரும் எழுத்துத் தெரியத் தொடங்கிய நாள் முதலே ஈடுபடுத்தப்பட்டனர். கைச்செலவுக்குச் சிறுகாசு கூலியுமுண்டு.

இங்கே ஒரு செய்தி, சொல்லாராய்ச்சியில் ஈடுபடும் தமிழிளைஞர்க்கு மிகவும் வேண்டியது. முன்னைத் தொண்டர்கள் அனுப்பிய சீட்டுகளை மரே எண்ணிப் பார்த்தபோது, 'அபியூசன்' என்னும் வழக்கற்ற சொல்லிற்கு ஏறத்தாழ ஐம்பது மேற்கோள் இருந்தன. நாடோறும் வழங்கும் 'அபியூசு' என்னும் சொல்லிற்கோ ஐந்துகூட இல்லை. அருஞ்சொல்லைக் கண்டவுடன் எல்லாரும் எழுதி அனுப்பினர். எளிய சொல் கண்ணிற் படவேயில்லை. தமிழிலும் யாழும் யாளியும் பற்றி ஆராய வருவார் பலர். வா, போ, இரு, விடு என்னும் சொற்களின் வரலாற்றை எழுத உட்காருவார் எத்துணைப் பேர்? அந்த எளிய சொற்களுக்கான மேற்கோளை மரேயும் துணைவரும் தாமே நூல்களைப் புரட்டித் தேடவேண்டியதாயிற்று. உழைப்பின்மேற் பற்று என்பதற்கு இதைவிடத் தெளிந்த விளக்கம் இராது. யாரும் பாராட்டாத, யாரும் விரும்பி எடுத்துக்கொள்ளாத பகுதி எவர் தலையிற் போய் விழுகின்றதோ, அவரே அவ்வேலைக்கு உரியவர்.

ஐந்தாண்டுக்குப்பின், 1884இல், முதற்பகுதி வெளிவந்தது. 352 பக்கம். பத்தாண்டில் முழுமொழியையும் முடிப்பதாக ஒப்பியவர், பாதிக்காலம் கழிந்தபோது முதலெழுத்தையே முடிக்கவில்லை; எறும்பைக் குறிக்கும் 'ஆண்ட்டு' என்னும் சொல்வரையே வந்திருந்தார். எறும்பும் தன் கையால் எண்சாண் என்று முதியோர் சொல்வது ஆங்கில அகரமுதலிக்கும் பொருந்திற்று. முதல் மடலம் நிரம்பியது 1888இல். அதில் இருந்தவை முதலிரண்டு எழுத்துகளே.

அச்சகத்தார் பொறுமையிழந்தனர். விற்பனை எதிர்பார்த்த அளவில்லை. செலவோ ஏறிக்கொண்டே போயிற்று. சொல்லின் தொகையைக் குறை, மேற்கோளைச் சுருக்கு, தாளிகைகளிலிருந்து எடுக்காதே என்று மேலிருந்து ஓலைகள் வந்தவண்ணமிருந்தன. பல்கலைக்கழகத் துணைவேந்தர் சோவெட்டு என்பார் மரே எழுதிய முன்னுரையைத் தாமே திருத்தி மாற்றியபோது, விலகிவிடுவேன் என்று மரே நின்றார், துணைவேந்தர் இறங்கிவந்தார். பணத்தட்டுப்பாட்டிலும், உதவியாளர் ஊதியத்தைத் தமக்கு வரும் தொகையிலிருந்தே கொடுக்கவேண்டிய நெருக்கடியிலும் இருந்த ஒருவர் அப்படி நின்றது எளிதன்று. விரைவை ஓரளவு விட்டுக்கொடுத்தார், உதவியாளரைப் பெருக்கினார், பள்ளி வேலையை விட்டு 1885இல் ஆக்சுபோர்டிற்கே குடிபெயர்ந்தார். ஆனால், முதற்பகுதியில் வகுத்த முறையை மட்டும் ஓர் இழையும் தளர்த்தவில்லை. அச்சகத்தார் பக்கமும் ஞாயமுண்டு. பத்தாண்டென்று எழுதிக்கொடுத்ததை நம்பிப் பணம் போட்டவர்கள் அவர்கள். கடைசியில், திட்டியும் நெருக்கியும் அவர்கள் ஐம்பதாண்டு பொருள் கொடுத்தே வந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

ஆக்சுபோர்டில் எழுத்தகத்தை வீட்டின் பின்புறத்தில் மீண்டும் கட்டினர். காட்சி கெடுகின்றதென்று அண்டைவீட்டார் முறையிட்டமையால், ஏறக்குறைய மூன்றடி நிலத்தைத் தோண்டிப் பள்ளத்தில் அதனை இறக்கவேண்டியதாயிற்று. குளிர்காலத்தில் ஈரம் ஏறும். மரே தடித்த மேற்சட்டையோடு, காற்றுப் படாமற் கால்களை ஒரு பெட்டிக்குள் நுழைத்துக்கொண்டு எழுதுவார். அவர் விடுக்கும் மடல்களின் பெருக்கங் கண்டு அஞ்சல்துறையினர் அவர் வீட்டு வாயிலிலேயே ஒரு சிவப்பு அஞ்சற்பெட்டியை நாட்டினர். மரே, ஆக்சுபோர்டு என்று மட்டும் எழுதினாற் போதும், மடல் வந்து சேரும்.

வேலையின்மேற் பற்று என்பது பதிப்பாசிரியர் ஒருவர்க்கே உரியதன்று என்பதைக் காட்ட இருவரைக் குறிப்பிடல் வேண்டும். ஒருவர் பிட்செட்வர்டு ஆல் என்னும் அமெரிக்கர். இந்தியாவில் வாழ்ந்து வடமொழி கற்றவர். அறிஞரோடு ஏற்பட்ட பூசலால் மனங்கசந்து ஆங்கில நாட்டுச் சிற்றூரொன்றில் ஒதுங்கி வாழ்ந்தார். அவர் ஏறத்தாழ இருபதாண்டு, 1901இல் இறக்கும்வரை, நாள்தோறும் மணிக்கணக்காக அச்சுப்படிகளைத் திருத்திக் கொடுத்தார். மரேயை ஒருமுறையேனும் நேரிற் கண்டதில்லை, ஊதியமும் பெற்றதில்லை. மற்றவர் மைனர் என்பவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைமருத்துவராயிருந்தவர். மனநோயால் 1872இல் இலண்டனில் ஒருவரைச் சுட்டுக்கொன்று, குற்றம் புரிந்த மனநோயாளர்க்குரிய காப்பகத்தில் அடைக்கப்பட்டவர். அறை நிறைய நூல்களை வாங்கி அடுக்கி, ஒவ்வொரு நூலுக்கும் தாமே சொல்லடைவு செய்துவைத்துக்கொண்டு, எழுத்தகத்தில் இன்று எச்சொல் ஆராயப்படுகின்றதென்று கேட்டறிந்து அச்சொல்லிற்குரிய மேற்கோளையே அனுப்பினார். அதன் அருமையை அகரமுதலி செய்தவரே அறிவர். அவருடைய மேற்கோள்களைக் கொண்டே கடைசி நானூறாண்டு ஆங்கிலத்தை விளக்கிவிடலாமென்று மரே மதிப்பிட்டார். பித்துற்ற உள்ளத்திற்கு அவ்வேலை மருந்தாயிற்று என்று சிலர் எழுதுவர். நோய் தீரவில்லை, இரவில் வந்து வாட்டிய அச்சங்களும் நீங்கவில்லை. பகலில் மட்டும் அவர்க்கு ஒரு வேலை இருந்தது.

பிழைகள் நேராமலில்லை. 'பாண்டுமெய்டு' என்னும் அடிமைப்பெண்ணைக் குறிக்குஞ் சொல்லின் சீட்டுகள் எங்கோ தவறிப்போய், அச்சொல் அகரமுதலியில் ஏறாமலே நின்றுவிட்டது. 1933இல் வந்த பின்னிணைப்பில்தான் சேர்ந்தது. குடல்வால் அழற்சியைக் குறிக்கும் மருத்துவச் சொல்லைச் சேர்க்கலாமா என்று மரே மருத்துவப் பேராசிரியரைக் கேட்டார். அது வெறுங்கலைச்சொல், வேண்டா என்றார் அவர். 1902இல் அரசர் எட்வர்டின் முடிசூட்டுவிழா அந்நோயினாலேயே தள்ளிப்போயிற்று. நாடு முழுவதும் அச்சொல்லை உச்சரித்துக்கொண்டு அகரமுதலியைப் புரட்டியபோது, அஃது அங்கில்லை! வழக்கிலுள்ள சொல்லை அறிஞர் வேண்டாவென்பதால் நீக்கிவிட முடியாது என்பதற்கு இது நல்ல பாடம்.

இனி, பெற்ற பேறுகளைப் பார்க்கலாம். 1908இல் அரசர் 'சர்' பட்டம் அளித்தார். பல பல்கலைக்கழகங்கள் மதிப்புறு பட்டங்கள் தந்தன. ஆயின், அவர் இருந்த ஊராகிய ஆக்சுபோர்டில், எந்தக் கல்லூரியும் அவரைத் தன் உறுப்பினராக ஏற்கவில்லை. முப்பதாண்டு அவ்வூரின் பெயரை உலகெங்கும் பரப்பிய நூலைச் செய்தவர் அவ்வூர்க் கல்விக்கூட்டத்திற்குப் புறத்தவராகவே இருந்தார். அப்பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் அளித்தது 1914இல். இறப்பதற்கு ஓராண்டு முன்னர். பதினான்கில் பள்ளியை விட்டவரும் பள்ளியாசிரியராய் இருந்தவருமாகிய ஒருவரைக் கல்லூரியார் தமக்கு இணையாக வைத்து எண்ணவில்லை போலும். இந்நோய் ஆங்கிலர்க்கே உரியதன்று.

தம்மைப் பற்றி எழுத விரும்பியோரை அவர் விலக்கினார். தம்மை ஒரு பொருட்டாகக் கொள்ளவேண்டா என்றே கூறிவந்தார். அவர் வாழ்க்கை வரலாற்றை அவர் பேத்தி 1977இல் நூலாக்கிய பின்னரே உலகம் அவரை அறிந்தது. அவ்வரலாற்றில் மக்களும் மனைவியும் பட்ட பாடும் தெரிகின்றது. இரண்டாம் மனைவி ஏடா மடல்களையும் கணக்கையும் கவனித்து, பதினொரு பிள்ளைகளையும் வளர்த்தார். மகளிருள் இருவர் தம் இளமையை அவ்வெழுத்தகத்திலேயே செலவிட்டனர். பெரும்பணியாளர் ஒருவரைப் போற்றும்போது, அவர் உழைப்பிற்கு ஈடாகத் தம் வாழ்நாளைக் கொடுத்தவர்களை வாழ்த்துமடலின் கடைசி வரியில் தள்ளிவிடுவது உலக வழக்கம், அது மாறவேண்டும்.

அவர்க்கு எஞ்சியிருந்த அவா ஒன்றே. தம் எண்பதாம் பிறந்தநாளுக்குள், அதாவது 1917 பிப்பிரவரிக்குள், அகரமுதலியை முடித்துவிட வேண்டும் என்பது. 1915 சூலை 26ஆம் நாள், 'டி' என்னும் எழுத்தின் நடுவே இருந்தபோது நுரையீரல் உறைநோயால் மறைந்தார். ஆக, அவர் தமக்கென்று கேட்ட நூலக வேலையும் கிட்டவில்லை. வேலைக்கென்று கொண்ட கடைசி விழைவும் நிறைவேறவில்லை.

ஆனால், எழுத்தகத்தில் வேலை ஒருநாளும் நிற்கவில்லை. தாமும் தனித்தொகுதி நடத்தத்தக்க நிலைக்கு என்றி பிராட்லியை 1888இலும், கிரெய்கியை 1901இலும், ஆனியன்சை 1914இலும் உயர்த்தியிருந்தனர். நால்வரும் வெவ்வேறு எழுத்துகளை ஒரே முறையில் ஒருங்கே செய்துகொண்டிருந்தனர். 1884இல் வந்த முதற்பகுதியின் பக்கத்தையும் கடைசிப் பகுதியின் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கை மாறியது தெரியாது. பிராட்லியும் 1923இல் மறைந்தார். 1928 ஏப்பிரல் 19இல் கடைசிப் பகுதி வெளிவந்தது. 'எக்சு, ஒய், இசெட்டு' ஆகியவை முன்னரே முடிந்துபோனமையால், கடைசியாக வந்தது 'டபிள்யூ'வின் வாற்பகுதி. மொத்தம் 15,490 பக்கம், 4,14,825 சொற்கள், 18,27,306 மேற்கோள்கள். பத்தாண்டென்றது நாற்பத்தொன்பதாண்டாயிற்று. பக்கம் இருமடங்கிற்கு மேலாயிற்று. அவற்றுட் பாதியளவு, ஏறத்தாழ 7,200 பக்கம், மரே ஒருவர் பார்த்தவை. முதல் ஒப்பந்தத்தில் முழு நூலுக்கும் குறித்த அளவை அவர் ஒருவரே செய்து முடித்திருந்தார் என்பதைக் கணக்கிட்டுக் காண்க.

இளைஞர் சிலர்க்கு இஃது எரிச்சலூட்டலாம். காணாத வெற்றி என்ன வெற்றி என்று அவர்கள் கேட்பர். கேட்பதில் தவறில்லை. வெற்றி என்பது ஒருவன் கழுத்தில் விழும் மாலையென்றால், மரே தோற்றவரே. வினை முடிதலே வெற்றியென்றால், தம் கைவிட்டபோதும் வினை வழுவாமல் நடக்குமாறு அதனை அமைத்துவைத்தவர் அவர். பர்னிவால் சென்றவுடன் சீட்டுகள் குதிரைக் கொட்டிலுக்குப் போயின. மரே சென்றபின் ஒரு சீட்டும் தன் அறையை விட்டு அசையவில்லை. இவ்வேறுபாடு அவாவின் மிகுதி குறைவால் வந்ததன்று.

தமிழ்நாட்டிலும் அகரமுதலிப் பணிகள் இத்தகைய வரலாறுடையனவே. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழகராதி 1924இல் தொடங்கி 1936வரை ஆறு மடலங்களாக வந்தது; தொடங்கிய பதிப்பாசிரியர் வேறு, முடித்தவர் வேறு. அதில் தமிழ்ச்சொற்களின் வேர் காட்டப்பட்ட முறைபற்றிப் பாவாணர் கண்ட குறைகள் இவ்வவையினர் அறிந்தவை.

மரே பிறந்த அதே பிப்பிரவரி 7ஆம் நாளில், 1902இல், பாவாணர் பிறந்தார். அவரும் பல்லாண்டு பள்ளியில் தமிழாசிரியராய் இருந்தவர்; பன்மொழி கற்றவர்; வேலையை இழந்து வறுமையில் உழன்றவர். செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராக 1974 மே 8இல் அமர்ந்தபோது அவர்க்கு அகவை எழுபத்திரண்டு. மரே அவ்வகவையில் முப்பதாண்டுப் பணியைப் பின்னே விட்டிருந்தார். பாவாணர்க்கு அப்போதுதான் நாற்காலி கிடைத்தது. 1981 சனவரியில் அவர் மறைந்தார். அகரத்திற்குரிய முதற்பகுதி வெளிவந்தது 1985இல். கடைசிப் பகுதி 2011இல். இடைப்பட்ட இருபத்தாறு ஆண்டும் அவ்வலுவலகத்தில் அமர்ந்து, யாரும் விரும்பி எடுத்துக்கொள்ளாத எளிய சொற்களுக்கும் வேர் தேடிக்கொண்டிருந்தோர் பலர். அவர்கள் பெயர்கள் அம்மடலங்களின் முற்பக்கங்களில் உள்ளன.